குழந்தையின் கை

விசயதசமி நாளன்று கொழும்பு மாநகரின் சைவக் கோவில்களுக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பர். புதுச் சட்டை அணிந்த பாலர்கள் பெற்றோரின் மடியில் வரிசையாக இருக்கின்றனர். ஒவ்வொருவர் முன்னிலையிலும் ஒரு தாம்பாளம். அதிற் பரப்பிய பச்சையரிசி. குருக்களோ, கல்வியிற் சிறந்த பெரியார் ஒருவரோ, குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி அரிசியில் ‘அ’ என்று எழுதுவிக்கின்றார். குழந்தை சிலவேளை அழுகின்றது. சிலவேளை அரிசியை அள்ளி இறைக்கின்றது. பெற்றோர் முகத்தில் மட்டும் குறைவில்லாத மகிழ்ச்சி. இதனையே நாம் ஏடு தொடக்கல் என்கின்றோம்.

இவ்வழக்கத்தினுள் ஓர் உண்மையும் ஓர் ஆபத்தும் ஒருங்கே உறைகின்றன என்று எனக்கு இப்போது தோன்றுகின்றது. கண்ணுக்கு முன்னரே விரல் கற்றுக்கொள்ளும் என்பது உண்மை. பற்றிய விரலை எப்போது விடுவது என்று பெரியவர்கள் அறியாதிருப்பது ஆபத்து. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்த நான் இவ்விரண்டையும் பிரித்தறிந்தது ஓய்வு பெற்ற பின்னரே. அதனை எனக்கு உணர்த்தியவள், நான்கு வயதும் நிரம்பாத என் பேர்த்தி.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், தொடர்மாடிக் கட்டடமொன்றின் நான்காம் மாடியில் என் மகளின் குடும்பத்துடன் வாழ்ந்து வருகின்றேன். கரையோர ரெயில் போகும்போதெல்லாம் எங்கள் யன்னற் கண்ணாடி அதிரும். பேர்த்தி அயலிலுள்ள ஒரு பாலர் பள்ளிக்குப் போய்வந்தாள். அதன் வாயிற் பலகையில் மொண்டிசோரி என்னும் பெயர் அழகிய எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் வீட்டுவேலை இரண்டு பக்கம்: ஒன்றில் தமிழ் எழுத்து, மற்றொன்றில் ஆங்கில எழுத்து. புள்ளிக் கோடுகளின்மேற் பென்சிலை ஓட்டி அப்பக்கங்களை நிரப்புதல் வேண்டும். மகளும் மருமகனும் வேலை முடிந்து வர இரவு ஏழு மணியாகும். ஆதலின் அப்பொறுப்பு எனக்காயிற்று.

குழந்தை பென்சிலைப் பிடிப்பாள். நான் குழந்தையின் கையைப் பிடிப்பேன். பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் நிறைந்துவிடும். மறுநாள் அவற்றின் கீழே சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் விழும். ஒருநாள் அந்த நட்சத்திரத்தைக் காட்டி, “எவ்வளவு வடிவாய் எழுதியிருக்கிறாய்!” என்றேன். அவள் கொப்பியைப் பார்த்தாள். பின்பு என்னைப் பார்த்தாள்.

“அம்மப்பா, இது நான் எழுதேல்லை. நீங்கள்தான் எழுதினது” என்றாள்.

குற்றஞ்சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளவாறு சொன்னாள். அன்று தொடக்கம் கொப்பியை எடுத்தவுடன் வலக்கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளவும் தொடங்கினாள்.

ஆசிரியத் தொழிலில் எத்தனையோ கண்டனங்களைக் கேட்டவன் நான். இது போல என்னை உறுத்தியது வேறொன்றில்லை. காரணம், இதனினும் நல்ல வழியொன்றை நான் அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் மறந்திருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். புனித லூசியா பேராலயத்தின் மணியோசையோடு துயிலெழும் ஒழுங்கை அது. 1961 ஆம் ஆண்டில் எனக்கு நான்கு வயது. எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டு முன்விறாந்தையில் ஓர் அம்மையார் பத்துப் பன்னிரண்டு பாலரை வைத்துக் கற்பித்து வந்தார். நாங்கள் அவரை ‘ரீச்சரக்கா’ என்போம். அவரிடம் கரும்பலகை இருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தட்டு இருந்தது. அதில் மரக்குற்றிகள், பொத்தான் பூட்டிப் பழகும் துணிச்சட்டம், பயறும் உளுந்தும் கலந்து வைத்த கிண்ணம் முதலியன இருக்கும். தச்சர் மரத்தை மினுக்கும் சொரசொரப்பான மணற் கடதாசியில் எழுத்துகளை வெட்டி, அட்டைகளில் ஒட்டி வைத்திருந்தார். ஓர் அட்டையை எடுப்பார். இரண்டு விரலால் எழுத்தை மெல்லத் தடவுவார். ‘ம’ என்று ஒருமுறை ஒலிப்பார். பின்பு அட்டையை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தம் கைகளை மடியில் வைத்துக்கொள்வார். அந்த மடியில் வைத்த கைகளே இன்று என் நினைவில் முதலில் எழுகின்றன.

அவ்வீடு 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் எரிந்தது. எழுத்து அட்டைகளும் எரிந்தன. எனினும் அந்த ‘ம’வின் சொரசொரப்பு என் விரல் நுனியை விட்டு இன்னும் நீங்கவில்லை.

இம்முறை எங்கள் ஒழுங்கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைப் பின்னாளிற் படித்தே அறிந்தேன். டாக்டர் மரியா மொண்டிசோரி அம்மையார் 1870 ஆம் ஆண்டு இத்தாலியிற் பிறந்தவர். 1896 இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் 1939 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று, தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கே அவர் நடத்திய ஆசிரியர் பயிற்சியில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 1940 ஆம் ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசுக்கு அவர் பகைநாட்டவர் ஆனார். மகன் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். தாய் அடையாற்று எல்லையைத் தாண்டலாகாது என விதிக்கப்பட்டது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கோடைக்கானல் மலையில் தங்கிப் பணிபுரிந்தனர். நடமாடும் உரிமை ஓரளவு கிடைத்ததும், 1944 ஆம் ஆண்டில் அம்மையார் இலங்கைக்கு வந்து பயிற்சி நடத்தினார்.

அந்த விதை இங்கே வீணாகவில்லை. கொட்டாஞ்சேனையில் மடமும் பாடசாலையும் அமைத்த நல்லாயன் சபைக் கன்னியர், அம்மையாரின் பெயரையே தாங்கிய ஆசிரியர் பயிற்சி நிலையமொன்றை இந்நாட்டில் நடத்தி வந்துள்ளனர். இலங்கைப் பெண்மணியான லீனா விக்கிரமரத்தின கோடைக்கானலில் அம்மையாருடன் பணியாற்றி, பிற்காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற்கு இம்முறையைக் கொண்டு சென்றார். ரீச்சரக்கா யாரிடம் பயின்றார் என்பதை நான் கேட்டறியவில்லை. சிறுவன் அதைக் கேட்பதில்லை. பெரியவனானபோது கேட்பதற்கு அவர் இல்லை.

இனி, முறையைப் பற்றிச் சிறிது சொல்வேன். 1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் வறிய பகுதியில் அம்மையார் தமது முதலாவது ‘குழந்தைகள் இல்லத்தை’ திறந்தார். தாய் தந்தையர் கூலி வேலைக்குப் போய்விட, மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்த பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இடம் அது. அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் இட்டுக்கொண்டிருந்ததை அம்மையார் கவனித்தார். சுற்றியுள்ள பிள்ளைகளைப் பாடச்செய்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ தன் வேலையை விடவில்லை. நாற்பது முறைக்கு மேல் அதனைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்து, துயிலெழுந்தவள் போல மலர்ந்த முகத்தோடு நிமிர்ந்தாள். குழந்தையின் மனம் எப்போதும் அலைவது என்று நம்பியிருந்த உலகுக்கு இஃது ஒரு புதுச் செய்தி.

அந்த மர உருளைகளின் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு கட்டையிற் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றை மாற்றி இட்டால் இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சிவிடும். பிழையைச் சுட்டுவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை, கட்டையே சுட்டிவிடும். ஒரு சதமமீற்றர் தொடக்கம் பத்துச் சதமமீற்றர் வரையான பத்துக் கனக்குற்றிகளை அடுக்கும் கோபுரமும் அத்தகையதே. தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொண்ட குழந்தைக்கு அவமானம் இல்லை. சிவப்பு மை கொண்டு நாம் திருத்திய பிழைகள் எத்தனை பிள்ளைகளின் முகத்தை வாடச்செய்தன என்று எண்ணுகையில், என் பழைய வகுப்பறைகள் கண்முன் வருகின்றன.

எழுத்தும் அவ்வாறே அங்கு வந்தது. மணற் கடதாசி எழுத்துகளை விரலால் தடவி, ஒலியோடு சேர்த்து அறிந்திருந்த பிள்ளைகளில் ஒருவன், அவ்வாண்டு மார்கழியில் ஒருநாள், மொட்டைமாடியில் வெண்கட்டியாற் புகைபோக்கி ஒன்றை வரைந்துகொண்டிருந்தான். சட்டென்று தனக்கு எழுத வருகின்றது எனக் கூவினான். தரையிலேயே ஒரு சொல்லை எழுதினான். எவரும் அவனுக்கு எழுதக் காட்டிக்கொடுத்ததில்லை. அவன் எழுதிய முதற்சொல் ‘கை’ என்பதாகும். எழுத்து தன்னுடையது என்று அறிந்த கணத்தில் அப்பிள்ளை தன் கையின் பெயரையே எழுதியதை என்னால் எளிதிற் கடந்து செல்ல முடியவில்லை. என் பேர்த்தியின் நிலை இதற்கு நேர்மாறு. அவளுடைய கொப்பியில் எழுத்து நிறைய இருந்தது. அவளுடைய கை அங்கு இல்லை.

நம் தமிழெழுத்து இம்முறைக்கு மிகவும் இசைந்தது என்பதையும் ஆசிரியர்கள் கவனித்தல் நன்று. அம்மையார் எழுத்தின் பெயரைக் கற்பிக்காமல் ஒலியையே கற்பித்தார். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. அதனாற் பிள்ளைகள் இடர்ப்படுவர். தமிழில், ‘ஆனா, ஆவன்னா’ என்னும் பழைய பெயர்களை விட்டுவிட்டால், எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே நிற்கும். எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு என்று அஞ்சவும் வேண்டியதில்லை. அவற்றிற் பெரும்பாலானவை அரவு, கொம்பு, விசிறி முதலிய சில உறுப்புகள் மீண்டும் மீண்டும் வந்து சேர்வதால் ஆனவை. அவ்வுறுப்புகளைத் தனித்தனி வெட்டிக் கொடுத்தால் குழந்தை அவற்றைப் பொருத்திப் பார்க்கும். நம் முன்னோர் மணலில் விரலால் எழுதப் பழக்கியதும் இவ்வுண்மையை ஒட்டியதே.

குழந்தையை அதன் போக்கில் விடுதல் என்றவுடன், கட்டுப்பாடின்றி அலைய விடுதல் என்று பலர் பொருள் கொள்கின்றனர். ரீச்சரக்காவின் விறாந்தையில் ஒழுங்கு மிகுதியாகவே இருந்தது. ஒருவர் எடுத்த பொருளை மற்றவர் பறித்தல் ஆகாது. அது தட்டுக்குத் திரும்பும்வரை காத்திருத்தல் வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தல் வேண்டும். எந்த வேலையை எடுப்பது, எவ்வளவு நேரம் அதில் இருப்பது என்பதை மட்டும் குழந்தையே தீர்மானிக்கும். ஆசிரியரின் உழைப்பெல்லாம் முன்கூட்டியே இடத்தை ஆயத்தம் செய்வதிற் கழிகின்றது. கறுவாத்தோட்டத்திலுள்ள புனித பிரிஜெட் கன்னியர் மடத்திற்காகக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1963–64 ஆம் ஆண்டுகளில் அமைத்த மொண்டிசோரிப் பள்ளி இதற்கு நல்ல சான்று. கிராமத்து மண்வீட்டை நினைவூட்டும் பரந்த கூரையும் தாழ்ந்த சுவர்களுமாக, காற்றும் வெளிச்சமும் தடையின்றி வரும்படி அது அமைந்தது. கட்டடமும் ஓர் ஆசிரியரே என்பதை அறிந்தவர்கள் எழுப்பிய இடம் அது.

“இவையெல்லாம் பணமுள்ளோர்க்கு உரியன” என்று ஒரு தடை எழுவதுண்டு. அத்தடை பழையது. 1931 ஆம் ஆண்டு இலண்டனில் மொண்டிசோரி அம்மையாரின் பயிற்சிக் கூடத்தில் உரையாற்றிய காந்தியடிகள், செல்வர் பிள்ளைகளுக்கேயன்றி வறியோர் பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி கிட்டவேண்டும் என்னும் தம் விருப்பத்தை வெளியிட்டார். அவ்விருப்பத்தைச் செயலாக்கியோரில் தாராபாய் மோடக் அம்மையார் முதன்மையானவர். அவர் 1945 ஆம் ஆண்டில், இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் கடலோரக் கிராமமாகிய போர்டியில், கிராமப் பிள்ளைகளுக்கான கல்விப் பணியைத் தொடங்கி, அயலிற் கிடைக்கும் எளிய பொருள்களையே கருவிகளாக்கினார். வெள்ளவத்தைக் கடற்கரையிற் சிப்பிக்குப் பஞ்சமா? கொட்டாஞ்சேனைத் தச்சுப்பட்டறைகளில் துண்டுப் பலகைக்குப் பஞ்சமா?

பஞ்சம் வேறிடத்தில் இருக்கின்றது. 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தபோது நம் நாடு உலகமே வியக்கும் ஒரு செயலைச் செய்தது. ஆயினும் அரசாங்கப் பாடசாலையின் வாயில் ஐந்து வயதிலேயே திறக்கின்றது. அதற்கு முந்திய ஆண்டுகள் பெரும்பாலும் தனியார் கையிலும், சமய நிறுவனங்கள், உள்ளூராட்சி மன்றங்கள் கையிலும் விடப்பட்டன. மொண்டிசோரி என்னும் பெயரோ எவருக்கும் தனியுரிமை ஆகவில்லை. அஃது ஒரு பொதுப்பெயரே என அமெரிக்காவில் 1967 ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று; நம் ஒழுங்கைகளில் அத்தீர்ப்பைக் கேளாமலே அது பொதுப்பெயர் ஆகிவிட்டது. 1999 ஆம் ஆண்டில் நாடெங்கும் வந்த கல்விச் சீர்திருத்தம், முதலாம் ஆண்டு வகுப்பே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றும் கலந்ததாக இருத்தல் வேண்டும் என்றது. ஆறு வயதுப் பிள்ளைக்கே விளையாட்டு வேண்டும் என்று அரசு சொல்கின்றது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு நாம் இரண்டு பக்கம் எழுத்துவேலை கொடுக்கின்றோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் அத்துணைத் தூரம் பின்னோக்கி விழுகின்றது.

இதற்குப் பாலர் பள்ளி ஆசிரியைகளை நான் குறைகூற மாட்டேன். சிறிய அறையில், சிறிய சம்பளத்தில், பிள்ளைகளை அணைத்துக் காப்பவர்கள் அவர்கள். கொப்பி வெறுமையாக வந்தால், “இன்று என்ன படிப்பித்தீர்கள்?” என்று வாயிலில் நின்று கேட்பவர்கள் நாமே. குழந்தை அன்று தானாகச் செருப்பு மாட்டியது, சிந்திய தண்ணீரைத் தானாகத் துடைத்தது என்றால் அதற்கு நட்சத்திரம் இடுவார் யார்?

ஆகவே என் வீட்டிலிருந்தே தொடங்கினேன். ஆசிரியையைக் கண்டு பேசி, வீட்டுவேலையைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டினேன். அவர் தயங்கினார், பின்பு, “ஐயா, மற்றப் பெற்றோருக்குச் சொல்லாதீர்கள்” என்று சம்மதித்தார். மகளின் கவலை எளிதில் தீரவில்லை. “அப்பா, வாற வருசம் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கவேணும். மற்றப் பிள்ளையள் எல்லாம் எழுதுதுகள்” என்றாள். அவள் சொன்னதிற் பொய் இல்லை. நானும் உள்ளூர அஞ்சினேன்.

சமையலறையின் கீழ்த்தட்டு ஒன்றைப் பேர்த்திக்கென ஒழித்துக் கொடுத்தோம். என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த பித்தளை மூக்குப்பேணி ஒன்று அலுமாரியில் உறங்கியது. அதனையும் ஒரு சிறு செம்பையும் அத்தட்டில் வைத்தேன். பேணியின் மூக்கு வழியே செம்புக்குள் தண்ணீர் வார்ப்பது அவளுக்கு வேலையாயிற்று. முதல்நாள் தண்ணீரெல்லாம் நிலத்தில். துணியைக் காட்டினேன்; துடைத்தாள். வாரம் ஒன்று கழிய, துளி சிந்தாமல் வார்க்கக் கற்றுக்கொண்டாள். பின்பு சுளகில் பயறு தெரிதல், வெங்காயத் தோல் உரித்தல், இடியப்பத் தட்டுகளை அடுக்குதல் என்று வேலை வளர்ந்தது. ரீச்சரக்காவை நினைந்து மணற் கடதாசி வாங்கி எழுத்துகளை வெட்டினேன். ஒருமுறை தடவிக் காட்டி, ஒலித்துக் காட்டி, அட்டையை அவள் பக்கம் நகர்த்தினேன். என் கைகளை மடியில் வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம் அவற்றில் இருந்தது.

நான்கு மாதம் அவள் பென்சிலைத் தொடவில்லை. மகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேளாதிருந்ததே கேள்வியாக இருந்தது.

சென்ற மாதம் ஒரு மாலை. கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. பல்கனித் தரையில் வெண்கட்டியோடு அவள் குனிந்திருந்தாள். வீடு ஒன்றை வரைந்து முடித்தாள். பின்பு அதன் கீழே, சற்றே சாய்ந்த எழுத்தில், ‘ப’ எழுதினாள், ‘ட’ எழுதினாள், ‘ம’ எழுதினாள். உரக்கப் படித்தாள்: “படம்!”

மகள் என் பின்னால் வந்து நின்றாள். ‘ம’வின் தலையிற் புள்ளி இல்லை. இருவரும் அதனைக் கண்டோம். என் வலக்கை என்னை அறியாமலே முன்னே நீண்டது. நான் அதனைப் பின்னுக்கு இழுத்து, இடக்கையாற் பிடித்துக்கொண்டேன்.

“இதை ஆர் எழுதினது?” என்று கேட்டாள் மகள்.

“நான்தான்” என்றாள் குழந்தை, நிமிர்ந்து பாராமலே.

அந்தப் புள்ளி இன்றுவரை இடப்படவில்லை. மெய்யெழுத்து அட்டைகளைச் செய்து அவளுடைய தட்டில் வைத்திருக்கின்றேன். அவற்றை எடுக்கும் நாளை அவளே தெரிந்துகொள்வாள். அடுத்த விசயதசமியில் தங்கள் குழந்தைகளின் விரலைப் பற்றி அரிசியில் எழுதுவிக்க இருக்கும் பெற்றோர்க்கும், அவ்விரலைப் பிறகு ஏற்கப்போகும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அன்றைக்குப் பற்றுங்கள். அதன்பின் கையை மடியில் வைத்துக்கொள்ளப் பழகுங்கள்.